பென்னிகுயிக் என்று எத்தனை பேர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குடும்பப்பெயர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதினேன். தேனி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான்: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக். அணையின் உயரத்தையும் வழக்குகளையும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எடின்பரோவில் உட்கார்ந்து பிறருடைய பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்தது பெயர்களின் போக்குவரத்து. அதற்குள் அடங்கும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பென்னிகுயிக் என்பது அவருடைய சொந்தப் பெயரா, பரம்பரைப் பெயரா? ஆங்கிலேயரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு பெயர் இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சின்னமனூர்)

சொந்தப் பெயர் ஜான். அப்பாவும் ஜான், மகனும் ஜான் என்பதால் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்களுக்குத் தலைவலி. பென்னிகுயிக் என்பதுதான் குடும்பப்பெயர். ஆனால் ஐயா, அதை ஆங்கிலேயப் பெயர் என்று எடின்பரோவில் சொல்லிவிடாதீர்கள். அது அசல் ஸ்காட்லாந்துப் பெயர். அதிலும் ஒரே ஓர் ஊரின் பெயர்.

எடின்பரோவுக்குத் தெற்கே பதினாறு கிலோமீட்டர் போனால், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுக் என்ற சிறு நகரம் இருக்கிறது. மேற்கே பென்ட்லண்ட் குன்றுகள். காகித ஆலைகளால் பிழைத்த ஊர். முதல் ஆலை 1709இல் வந்தது, கடைசி ஆலையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடியாயிற்று. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ஆங்கிலம் பரவும் முன்னர், இன்றைய வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய உறவான ஒரு மொழி பேசப்பட்டது. அந்த மொழியில் வைத்த பெயர் இது. குயில் மேடு என்று பொருள் சொல்கிறார்கள். பென்னி என்றால் காசு, குக் என்றால் சமையல்காரர் என்று பிரித்துப் பார்த்து எழுதியிருந்த இரண்டு கடிதங்களுக்கும் இதுவே பதில்.

அந்த நிலத்தை ஆண்ட குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் 1296இல் ஸ்காட்லாந்து நிலக்கிழார்களை வரிசையில் நிறுத்தி, தனக்கு அடங்கி நடப்பதாக எழுதி வாங்கினார். அந்தப் பட்டியலில் எடின்பரோ வட்டாரத்திலிருந்து பெனிகுக் ஊரைச் சேர்ந்த ஹ்யூ என்பவர் நிற்கிறார். பட்டியலில் இடம்பெறுவது பெருமைக்குரிய விஷயமாக அப்போது இருந்திருக்காது. இன்றைக்கு வம்சாவளி தேடுகிறவர்களுக்கோ அது கிடைத்தற்கரிய பக்கம்.

பெனிகுக் நிலத்தை வைத்திருப்பவருக்கு ஒரு வினோதமான கடமை உண்டு. எடின்பரோவின் தெற்குப் புறத்தில் இருந்த பொது வேட்டைக்காட்டுக்கு அரசர் வரும்போதெல்லாம், பக்ஸ்டேன் என்ற கல்லில் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். அதுதான் நிலத்துக்கான குத்தகை. வாய்மொழிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். பின்னால் அந்த நிலத்துக்கு உரிமையாளர்களான குடும்பத்தின் இலச்சினை வாசகமே, ஓர் ஊதலுக்கு எல்லாம் தீர்ந்தது என்கிற பொருளில் அமைந்திருக்கிறது. அந்தக் கல்லின் பெயரால் எடின்பரோவில் இன்றும் பக்ஸ்டோன் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது.

அந்தப் பிந்தைய உரிமையாளர்கள் யார் என்பதில்தான் சுவாரசியம். பெனிகுக் குடும்பத்தின் கையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் நிலம் போய்விட்டது. பாரிஸில் வணிகம் செய்து பணம் சேர்த்த ஜான் கிளார்க் என்பவர் அதே நூற்றாண்டின் நடுவில் அதை வாங்கினார். கிளார்க் குடும்பம் நிலத்தை வாங்கியது, கொம்பு ஊதும் கடமையையும் வாங்கியது, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பெனிகுக் கிளார்க்குகள் என்றே அறியப்பட்டார்கள். அந்த வீட்டின் ஒரு கிளையில் ஜான் என்றொருவருக்கு மிடில்பீ என்ற வேறொரு நிலம் பங்காகக் கிடைத்தது. அந்த நிலத்தோடு மேக்ஸ்வெல் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவருடைய பிள்ளைதான் மின்காந்த அலைகளுக்குச் சமன்பாடு எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். இயற்பியல் வகுப்பில் மேக்ஸ்வெல் சமன்பாடு என்று நாம் மனப்பாடம் செய்வது ஒரு பத்திரப்பதிவின் விளைவு. சொத்து வந்தால் பெயரும் வரும், சில நேரம் வராது. ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர்களைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அப்பா யார் என்பது அல்ல. நிலம் யாருடையது என்பதுதான்.

நிலமில்லாத சாதாரண மனிதருக்கும் இந்தப் பெயர் வந்தது வேறு வழியில். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை அரியக்குடியில் யாரும் அரியக்குடி என்று கூப்பிட்டிருக்க முடியாது. ஊரைத் தாண்டிய பிறகுதான் ஊர்ப்பெயர் ஆளுக்கு ஒட்டும். பெனிகுக்கிலிருந்து எடின்பரோவுக்கோ துறைமுகமான லீத்துக்கோ பிழைக்கப் போனவரை அங்கே உள்ளவர்கள் பெனிகுக்காரர் என்றார்கள். அது பிள்ளைகளுக்கும் நிலைத்தது. அதனால் இந்தப் பெயரோடு ஒருவர் எங்கேயாவது இருந்தால், அவருடைய முன்னோர் ஒருவர் அந்த ஊரை விட்டுக் கிளம்பியவர் என்று ஓரளவு நம்பலாம்.

அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஸ்காட்லாந்து தனக்கென்று ஒரு குடியேற்றம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, பனாமா நிலச்சந்தியில் டேரியன் என்ற இடத்துக்கு 1698இல் லீத்திலிருந்து ஐந்து கப்பல்களை அனுப்பியது. சுமார் 1,200 பேர். அந்தக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் பென்னிகுயிக். கரை இறங்கியவர்களோடும் கப்பல்காரர்களோடும் ஓயாத சண்டை போட்டவர் என்று பெயரெடுத்தார். காய்ச்சலும் பசியும் கூட்டத்தைத் தின்றன. மறு ஆண்டே இடத்தைக் காலி செய்துகொண்டு புறப்பட்டார்கள். ஜமைக்காவை நோக்கிய பயணத்திலேயே அவரும் இறந்துபோனார். நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கை விழுங்கிய அந்தத் தோல்வி, 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்ததற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெயர், அங்கே கடலில் போன பணத்தோடும் சேர்த்து நினைக்கப்படுகிறது.

கேள்வி: பாடநூலில் பென்னிகுயிக், பேருந்தில் பென்னிகுவிக், சுவரொட்டியில் பென்னி குக். எது சரி? எங்கள் கல்லூரி மலரில் அச்சிட வேண்டும்.
(மாணவி, கம்பம்)

உச்சரிப்பில் பென்னிகுக் என்பதுதான் மூலத்துக்கு அருகில். ஆனால் எழுத்தைப் பார்த்துப் படித்தால் பென்னிகுயிக் என்றுதான் வாய் போகும். கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறையாக அப்படியே சொல்லிப் பழகிவிட்டதால், மலரில் பென்னிகுயிக் என்றே போடுங்கள். எதைப் போட்டாலும் மலர் முழுவதும் ஒரே மாதிரி போடுங்கள். இரண்டு சொல்லாகப் பிரித்து மட்டும் போடாதீர்கள். பென்னி என்ற முதற்பெயரும் குக் என்ற குடும்பப்பெயரும் கொண்ட வேறு யாரோ ஆகிவிடுவார்.

உங்களுக்கு ஓர் ஆறுதல்: இந்தப் பெயரை எழுதத் தெரியாமல் தவித்தவர்கள் தமிழர்கள் மட்டும் அல்ல. ஊர்க்காரர்கள் ஒரு விதமாக (Penicuik) எழுதுகிறார்கள். ட்வீட்டேல் வட்டாரத்தின் மலைகளையும் மூலிகைகளையும் விவரித்து 1715இல் நூல் வெளியிட்ட மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பென்னிகுயிக் வேறு விதமாக (Pennecuik) எழுதினார். அவர் காலத்திலேயே எடின்பரோவில் அதே பெயரில் இன்னொரு கவிஞர் இருந்து, இருவருடைய பாட்டுகளையும் ஒருவருடையது என்று ஆளாளுக்குக் குழப்பிக்கொண்டது தனிக் கதை. கர்னல் குடும்பம் மூன்றாவது விதம் (Pennycuick). இன்று ஸ்காட்லாந்தில் அதிகம் தென்படுகிற வடிவம் நான்காவது (Pennycook). அதில் கடைசிப் பகுதி சமையலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே இருக்கும்.

காரணம் எளிது. பழைய நாளில் ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதியவர் தேவாலய எழுத்தர். பெயரைச் சொன்ன தகப்பனுக்கு எழுதத் தெரியாது, எழுதியவருக்குக் காதில் விழுந்ததே கணக்கு. எழுத்தர் மாறினால் எழுத்தும் மாறும். படித்த குடும்பங்களும் ராணுவக் குடும்பங்களும் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கின. மற்றவர்களுக்கு, ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு கட்டாயமான பிறகுதான், இருந்த நிலையில் எழுத்து உறைந்தது.

தேடுகிறவர்களுக்கு இதற்கொரு கருவி உண்டு. சவுண்டெக்ஸ் என்ற முறை. அமெரிக்காவில் ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பார்கள். இரட்டித்து வந்தால் ஒன்றாகக் கொள்வார்கள். மேலே சொன்ன நான்கு வடிவங்களையும் அதில் போட்டுப் பாருங்கள்: நான்குக்கும் பி522 என்றே விடை வரும். காகிதத்தில் நான்கு பெயராகப் பிரிந்து கிடப்பது அந்த எண்ணில் மறுபடி ஒரே பெயராகிவிடுகிறது.

கேள்வி: இந்தப் பெயர்க்காரர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள்?
(வாசகர், போடிநாயக்கனூர்)

எழுத்தைப் பொறுத்து இடம் மாறும்.

பிரிட்டனில் குடும்பப்பெயர்களின் வரைபடம் போடுகிறவர்கள் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் முதலில் விரிப்பார்கள். வீடு வீடாக எழுதப்பட்ட அந்த ஏடுகளைத் தன்னார்வலர்கள் முழுவதுமாகப் படியெடுத்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். ரயில் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பெரும்பாலான பெயர்கள் இன்னும் பிறந்த மண்ணை ஒட்டியே கிடந்த காலம் அது என்பது இன்னொன்று. அதில் சமையல் வடிவத்துப் பென்னிகுக்குகள் கிழக்கு ஸ்காட்லாந்தில், எடின்பரோவைச் சுற்றிய பகுதியில்தான் திரளாக இருந்தார்கள். மூல ஊரிலிருந்து ஒரு நாள் நடையில், இரண்டு நாள் நடையில் போய்ச் சேரக்கூடிய இடங்கள். விவசாயக் கூலி, சுரங்கம், ஆலை என்று போனவர்கள் வெகுதூரம் போகவில்லை.

கர்னலின் எழுத்தில் எழுதுகிறவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவர்களுடைய வரைபடமே வேறு. அதைப் படைப்பிரிவுதான் வரைந்தது. அப்பா ஜான் பென்னிகுயிக் 24ஆம் காலாட்படையின் பிரிகேடியர். கர்னல் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். படித்தது இங்கிலாந்தில் செல்டனம், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் ராணுவப் பள்ளி. வேலை சென்னை மாகாணத்தில். இறந்தது 1911 மார்ச் 9, லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லியில். கேம்பர்லி என்பது சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குப் பக்கத்து ஊர். ஓய்வுபெற்ற அதிகாரிகள் வீடு கட்டிக்கொண்டு தங்கிய இடம். இந்த வரிசையில் பெனிகுக் ஊர் எங்கேயும் வரவில்லை பாருங்கள். வரைபடத்தில் தென் இங்கிலாந்தில் இந்தப் பெயருக்கு ஒரு புள்ளி விழுந்தால், அங்கே யாரும் குடிபெயர்ந்து போய் ஏர் ஓட்டவில்லை. உத்தியோகம் முடிந்து வந்து இறங்கினார்கள் என்று படிக்க வேண்டும்.

கடல் கடந்தும் போயிருக்கிறது. ஆங்கிலம் காலனிகளில் எப்படிப் பரப்பப்பட்டது என்பதை ஆராய்ந்த மொழியியலாளர் அலஸ்டர் பென்னிகுக் சிட்னியில் பேராசிரியராக இருந்தவர். பொய்ச் செய்தியை மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்று ஆராய்கிற உளவியலாளர் கார்டன் பென்னிகுக் கனடா நாட்டவர். இருவரும் எழுதுவது சமையல் வடிவம். கர்னல் வடிவத்தில் எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் காலின் பென்னிகுயிக், 1933 முதல் 2019 வரை வாழ்ந்தவர். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்ற கணக்கை வாழ்நாள் முழுவதும் போட்டவர். புறாவைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு அளந்தார். ஆப்பிரிக்காவில் எஞ்சின் வைத்த கிளைடர் விமானத்தில் ஏறி, பிணந்தின்னிக் கழுகுகளோடு சேர்ந்தே பறந்து குறிப்பெடுத்தார். குயில் மேட்டுப் பெயரை வைத்துக்கொண்டு இதைச் செய்தது தற்செயல்தான். எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஸ்மித், ஜோன்ஸ் எல்லாம் லட்சக்கணக்கில் இருக்கும்போது இது மட்டும் ஏன் இவ்வளவு அரிது? அழிந்துவிடுமா?
(கணித ஆசிரியர், ஆண்டிபட்டி)

ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார்; ஆயிரம் இடங்களில் தனித்தனியாக அந்தப் பெயர் முளைத்தது. ஜோன்ஸ் என்றால் ஜானின் மகன். எத்தனை ஜான்கள் இருந்தார்களோ அத்தனை ஊற்று. பெனிகுக் என்று பூமியில் ஓர் ஊர்தான். ஊற்று ஒன்றே, அதுவும் சின்னது.

சின்ன ஊற்றுக்கு ஆபத்து அதிகம் என்பதைக் கணக்காகவே போட்டிருக்கிறார்கள், கணித ஆசிரியர் ஐயா. உயர்குடிக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் பத்திரிகையில் ஒரு புதிர்க்கணக்கு விடுத்தார். பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை அனுப்பினார். இருவரும் சேர்ந்து 1874இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வோர் ஆணுக்கும் எத்தனை மகன்கள் என்பது தலையெழுத்துப்படி மாறும். ஒரு தலைமுறையில் எல்லோருக்கும் மகள்களாகவே பிறந்தால் பெயர் அங்கேயே முடிந்தது. எல்லாப் பெயர்களும் என்றாவது ஒருநாள் அழிந்தே தீரும் என்றார் வாட்சன். அதில் ஒரு பிசகு. சராசரியாக ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மகன்கள் இருந்தால் ஒரு பெயர் என்றென்றைக்கும் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் ஒரே ஓர் ஆளில் தொடங்குகிற பெயருக்கு முதல் சில தலைமுறைகள் கண்டம்தான். தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

கர்னல் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் 1849 ஜனவரி 13 அன்று சீக்கியப் படையோடு நடந்த போரில் பிரிகேடியர் பென்னிகுயிக் குண்டடிபட்டு விழுந்தார். அதே படையில் கொடி ஏந்தும் இளம் அதிகாரியாக இருந்த மகன் அலெக்சாண்டர், வயது பதினேழு, அப்பாவின் உடலைக் காத்து நின்று அங்கேயே செத்தான். நம் கர்னல் அப்போது சிறு பையன். இரண்டு நாளில் எட்டு வயது நிறைய இருந்தது. ஒரே பிற்பகலில் பெயரைச் சுமக்கிற இரண்டு பேர் போய்விட்டார்கள். கர்னல் 1879இல் கிரேஸ் ஷாமியே என்ற பெண்ணை மணந்தார். பிறந்தது ஐந்து பெண்கள், ஒரே ஆண். அந்த வீட்டைப் பொறுத்தவரை பெயர் முழுவதும் அந்த ஒரு பையனிடம் வந்து நின்றது. அவர் 1899இல் பிறந்த மூன்றாவது ஜான். சட்டம் படித்து, இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் சான்சரி பிரிவில் நீதிபதியாகி, அதன் வைஸ் சான்சலர் என்ற மூத்த நீதிபதிப் பதவி வரை உயர்ந்து, 1982இல் காலமானார்.

ஐந்து பெண்கள் வழியில் வந்தவர்களும் கர்னலின் ரத்தம்தான். ஆனால் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துத் தேடினால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். இந்த விஷயத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை விட மேல் என்பேன். அங்கே பழைய வழக்கப்படி, மணமான பெண்ணைப் பதிவேட்டிலும் கல்லறைக் கல்லிலும் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதினார்கள். இறப்புச் சான்றில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஆங்கிலேயத் தேவாலய முற்றத்தில் இன்னாரின் மனைவி என்று மட்டும் நிற்கிற எத்தனையோ கல் முன்னால் நான் பல்லைக் கடித்திருக்கிறேன்.

அழியுமா என்று கேட்டீர்கள். கர்னல் வடிவம் நூலிழையில் நிற்கிறது. சமையல் வடிவத்துக்கு இப்போதைக்குக் கவலையில்லை.

கேள்வி: அப்படியானால் உலகத்தில் உள்ள பென்னிகுக்குகள் எல்லோரும் ஒரே வம்சம் என்று சொல்லலாமா? மரபணுச் சோதனையில் தெரியுமே?
(மருத்துவ மாணவர், மதுரை)

தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது பெயர். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது ஒய் குரோமோசோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று யோசித்த மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் தன் சொந்தக் குடும்பப்பெயர் கொண்டவர்களையே சோதித்தார். யார்க்ஷயரை மையமாகக் கொண்ட சைக்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே வகையைச் சுமந்தார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் நாற்பது குடும்பப்பெயர்களை எடுத்துக்கொண்டு அகலமாகச் செய்தார்கள். ஸ்மித்துகளுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. தெருவில் போகிற இருவரை நிறுத்திப் பார்த்த மாதிரிதான். ஆட்டன்பரோ போன்ற அரிய பெயரில் மிகப் பெரும்பாலோர் ஒரே மூதாதையைக் காட்டினார்கள். ஆட்டன்பரோவும் நாட்டிங்கம் பக்கத்துச் சிற்றூரின் பெயர்தான்.

எனவே அரிய பெயர் என்றால் உறவு இருக்க வாய்ப்பு அதிகம். எல்லோரும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊரை விட்டுக் கிளம்பிய எவருக்கும் ஊர்ப்பெயர் ஒட்டலாம் என்றேன். அவர்கள் ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டியதில்லை. நிலக்கிழாரின் பெயரை அவர் நிலத்தில் உழுதவரும் வைத்துக்கொள்வது ஸ்காட்லாந்தில் சாதாரணம். தத்து உண்டு. பெயரே சங்கிலியாகப் பூட்டப்பட்ட கதையும் உண்டு: ஜமைக்காவில் தடுக்கி விழுந்தால் ஒரு கேம்பெல் மேல் விழலாம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைப் பெயர் அது. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளிகளும் கங்காணிகளும் கொண்டுபோய், அடிமைகளாக வைத்திருந்த ஆப்பிரிக்கர்கள் மேல் விட்டுவிட்டு வந்தது.

கேள்வி: என் மகனுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட் எடுக்கப் போகிறோம். குடும்பப்பெயர் கட்டத்தில் என்ன எழுதுவது? அவன் பெயரே குடும்பப்பெயர் என்கிறார்களே!
(விவசாயி, உத்தமபாளையம்)

உங்கள் பகுதியில் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பிள்ளைக்கும் இந்தப் பெயர் வைப்பது எனக்குத் தெரியும். தேனி பேருந்து நிலையத்துக்கே கர்னல் பெயர்தான். அவர் பிறந்த நாளுக்கு லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறீர்கள். தமிழக அரசு 2022இல் கேம்பர்லியில் அவருக்குச் சிலையே நிறுவியது. ஆகவே பையனுக்கு அந்தப் பெயர் இருப்பதில் வியப்பு இல்லை. படிவத்துக்கு வருவோம்.

சொந்தப் பெயர் கட்டத்தில் பென்னிகுயிக் என்று எழுதுங்கள். குடும்பப்பெயர் கட்டத்தில் உங்கள் பெயரை, அதாவது அவனுடைய இனிஷியலின் விரிவை, எழுதுங்கள். காலியாக விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, நம் ஆட்கள் பலர் விமான நிலையத்தில் அல்லாடினார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கட்டும். மேலே கல்லூரி மாணவிக்குச் சொன்ன நான்கு வடிவங்களும் ஒரே பையனின் மூன்று சான்றிதழ்களில் சிதறிக் கிடந்தால், உங்களைக் காப்பாற்ற பி522 வராது.

இதில் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. நாளை உங்கள் மகனுக்குப் பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையின் இனிஷியல் பெ. அதன் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் பென்னிகுயிக் என்று ஏறும். அது வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டால், அதன் பிள்ளைகளுக்கும் அந்த நாட்டு வழக்கப்படி அதுவே நிலைக்கும். எழுத்து, கர்னல் வடிவமாகவே இருக்கும். ஏனென்றால் இங்கே எல்லோரும் அவர் எழுதியபடிதான் எழுதுகிறோம். நூலிழையில் நிற்கிறது என்று ஆண்டிபட்டி ஆசிரியருக்கு எழுதிய வடிவம், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்தவர்களால் பெருகப் போகிறது. ஒரு நூறு ஆண்டு கழித்து யாராவது இந்தப் பெயருக்கு வரைபடம் போட்டு, ஒய் குரோமோசோமையும் சோதித்தால், நிச்சயம் மண்டை காய்ந்து போவார். கால்டன் கணக்கில் இந்த வழிக்கு இடமே இல்லை.

ஸ்காட்லாந்துக்குப் போனால் உறவாக ஏற்பார்களா என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொத்தில் பங்கு கேட்காத வரையில் எல்லோரும் தேநீர் கொடுப்பார்கள்.

கேள்வி: ஜூன் மாதம் மகளைப் பார்க்க எடின்பரோ போகிறோம். கர்னலின் சொந்த ஊரைப் பார்க்க முடியுமா?
(வாசகி, பெரியகுளம்)

கர்னலின் சொந்த ஊர் என்று நினைத்துப் போகாதீர்கள். அவர் பிறந்தது புனே என்று மேலே எழுதியிருக்கிறேன். பெயரின் ஊர் என்று போங்கள். பெனிகுக்குக்குப் பயணிகள் ரயில் 1951இலேயே நின்றுவிட்டது. நகரத்திலிருந்து 37ஆம் எண் பஸ் போகிறது. மாடியில் முன் இருக்கை கிடைத்தால் பென்ட்லண்ட் குன்றுகள் நன்றாகத் தெரியும். ஊர் நடுவே செயின்ட் மங்கோ தேவாலயம். அதன் முற்றத்தில் பழைய தேவாலயத்தின் இடிந்த கோபுரமும் கிளார்க் குடும்பத்தின் கல்லறை மாடமும் இருக்கின்றன. ஆற்றுப்பக்கம் இறங்கினால் வேலிஃபீல்டு ஆலை இருந்த இடம். நெப்போலியன் போர்க் காலத்தில் அந்த ஆலையைச் சிறையாக்கி, பிடிபட்ட படைவீரர்களை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே இறந்த 309 பேருக்கு ஆலை முதலாளி பின்னால் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார். அதையும் பாருங்கள்.

கர்னலின் கல்லறைதான் வேண்டும் என்றால் திசையே வேறு. இங்கிலாந்தில் கேம்பர்லிக்கு அடுத்த ஃப்ரிம்லியில், செயின்ட் பீட்டர் தேவாலய முற்றத்தில் இருக்கிறது. எடின்பரோவிலிருந்து லண்டன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாட்டர்லூ நிலையத்தில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். போகவர ஒரு நாளில் முடியாது. லண்டனில் தெரிந்தவர் வீட்டில் இரவு தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள்.